முந்தலில் வைஃபை வராது

புத்தளம் மாவட்டத்தில் லினக்ஸைப் பற்றி முபாரிசுக்குத் தெரியாத விசயம் ஒன்று இருக்குமானால், அது இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை என்றே கொள்ள வேண்டும்.

இதைச் சொன்னவன் முபாரிஸ்தான். வாய் தவறிச் சொன்னதல்ல. பேஸ்புக்கில் 'லினக்ஸ் தோழர்கள்' என்ற குழுவின் நிர்வாகி என்ற முறையில், தன்னைப் பற்றிய குறிப்பில், முழுப் பொறுப்போடு எழுதி வைத்திருந்தான். யுத்தம் முடிந்து நாலு வருசம் ஆகியிருந்தது. தொண்ணூறில் மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு வந்தவர்கள் பாலாவி உப்பளத்துக்கு இந்தப் பக்கம் கட்டிக்கொண்ட வீடுகளில் ஒன்று அவனுடையது. தொழில்நுட்பக் கல்லூரியில் இரண்டாம் வருசம். இரண்டாம் வருசத்தில் எல்லாருக்கும் எல்லாம் தெரிந்திருக்கும். மூன்றாம் வருசத்தில்தான் கொஞ்சம் கொஞ்சமாக மறக்கத் தொடங்கும்.

குழுவுக்கு அவன் விதிகள் எழுதியிருந்தான். மெனுவலை வாசிக்காமல் வாய் திறக்கக் கூடாது. 'அவசரம்' என்று எழுதக் கூடாது. உங்கள் அவசரம் கணினிக்குத் தெரியாது. வீட்டுக் கதை கூடாது. 'பிளீஸ் அண்ணா', 'நன்றி அக்கா' எதுவும் கூடாது. இது கலியாண வீடல்ல. பதில் சொல்கிறவர்களும் பச்சைப் பிள்ளைக்குச் சோறூட்டுகிற மாதிரி 'முதலில் இதைப் பாருங்கோ, பிறகு அதை அழுத்துங்கோ' என்று எழுதக் கூடாது. ஊட்டி வளர்த்த பிள்ளைக்குப் பல் முளைக்காது.

அவன் வீடு கலியாண வீடானது ஒரு சனிக்கிழமை. தங்கை ஸஹ்னாவுக்குப் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு நிக்காஹ். வாப்பா நூஹு கட்டாரில், விமான நிலையத்தில் மூட்டை ஏற்றுகிற வேலை, லீவு கிடைக்கவில்லை. மகளைக் கைப்பிடித்துக் கொடுக்கிற பொறுப்பைத் தன் அண்ணன் இஸ்ஸதீனிடம் ஒப்படைத்துவிட்டார். தனக்கென்று கேட்டது ஒன்றே ஒன்று.

"மகன், மாப்புள்ளட கையில குடுக்க முந்தி புள்ளய ஒருக்கா ஸ்கைப்பில காட்டு. மொகத்த மட்டும் காட்டினா போதும். கேம்ப் ஒஃபிஸ் கம்பியூட்டர அந்த நேரத்துக்குத் தாறேண்டு மெனேஜர் சொல்லியிருக்காரு. அதுக்குப் பொறகு வேலைக்குப் போற எங்கட பஸ் வெளிக்கிட்டுரும்."

"அது என்ட பொறுப்பு வாப்பா," என்றான் முபாரிஸ்.

வீட்டில் ஒரு லப்டொப் இருந்தது. சிலாபத்தில் வாங்கிய செக்கன்ட் ஹேன்ட். ஊர்ந்து ஊர்ந்து வேலை செய்தாலும் வேலை செய்தது. மதிலுக்கு அந்தப் பக்கம் இஸ்ஸதீன் பெரியவாப்பாவின் வீட்டு ரவுட்டரிலிருந்து வைஃபை ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. சனிக்கிழமை காலை, அரை மணித்தியால வேலை என்று சொல்லிக்கொண்டு, முபாரிஸ் லப்டொப்பில் விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டுத் திருத்தத் தொடங்கினான்.

"வேலை செய்யிறத ஏன்டா கழட்டுற?" என்று கேட்டாள் உம்மா ஜுனைதா.

"இது களவு விண்டோஸ் உம்மா."

ஜுனைதா நெஞ்சில் கை வைத்தாள். "யாருட்ட களவெடுத்த?"

"நான் எடுக்கல்ல. கடைக்காரன் கொப்பியடிச்சுப் போட்டது. களவுச் சாமானுக்குள்ளால வாப்பா நிக்காஹ் பார்த்தா பறக்கத் இருக்குமா?"

இருபது வருசமாக எத்தனையோ பயான் கேட்டிருக்கிறாள். ஒரு மௌலவியும் இதைத் தொட்டதில்லை.

முதல் நாள் கற்பிட்டியிலிருந்து மாப்பிள்ளையின் அண்ணன் அன்ஸார் போன் எடுத்து, "தம்பி, ஒரு பாதுகாப்புக்கு என்ட லப்டொப்பையும் கொண்டரட்டா?" என்று கேட்டிருந்தார். "ஒங்கடயும் விண்டோஸ்தானே நானா? அத வெங்காயச் சாக்கோட சாக்கா வெச்சிட்டு வாங்க," என்று சொல்லியிருந்தான் முபாரிஸ். அன்ஸார் சிரித்தார். சம்பந்தி வீட்டுப் பிள்ளை, சிரிக்கத்தானே வேண்டும்.

லினக்ஸ் போடுமுன் இன்னொரு காரியமும் செய்தான். அந்தப் பக்கத்தில் உப்புக் காற்றுக்குத் தப்பியது ஒன்றும் இல்லை. சைக்கிள் துருப்பிடிக்கும், கேற்றுக் கொண்டி துருப்பிடிக்கும், வீட்டில் ஆணி அடித்தால் அடுத்த பெருநாளுக்குள் ஆணி போய் ஓட்டைதான் மிஞ்சும். லப்டொப்பில் நெட்வொர்க் வயர் செருகுகிற ஓட்டை முதல் வருசமே துருவேறி மௌத்தாகிவிட்டது. மற்றதையாவது காப்பாற்றுவோம் என்று ஜுனைதா விளிம்பைச் சுற்றி ஆஸ்பத்திரிப் பிளாஸ்டர் ஒட்டியிருந்தாள். அழுக்கேறி, ஓரம் சுருண்டு, லப்டொப் ஏதோ விபத்தில் மாட்டிப் போன கிழமைதான் வார்டிலிருந்து துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பப்பட்டதுபோல இருந்தது. மாப்பிள்ளை வீட்டாருக்கு முன்னால் இதை எப்படி வைப்பது? முபாரிசுக்கு வெட்கமாக இருந்தது. பிளாஸ்டரின் நுனியைப் பிடித்து ஒரே இழுப்பில் சர்ரென்று உரித்தான். அந்த இடத்தில் மெல்லிய கறுப்பு டேப்பை நேராக ஒட்டினான். டேப் இருப்பதே தெரியவில்லை. அதற்குப் பிறகு லினக்ஸைப் போட்டான்.

லினக்ஸ் வடிவாக வந்தது. ஸ்கைப்பும் ஏறியது, அதைக் கல்லூரியிலிருந்து பென் டிரைவில் கொண்டுவந்திருந்தான். வராதது வைஃபை மட்டும். மூலையில் இருக்க வேண்டிய அடையாளம் சாம்பல் நிறத்தில் கிடந்தது. பெரியவாப்பாவின் ரவுட்டரோ மதிலுக்கு அப்பால் பச்சை பச்சையாகக் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது.

அணைத்துப் போட்டான். திரும்ப அணைத்துப் போட்டான். முழுவதையும் அழித்து இன்னொரு தரம் ஏற்றினான். லப்டொப்பைத் தூக்கிக்கொண்டு மதிலைச் சுற்றிப் போய், ரவுட்டருக்குப் பக்கத்தில், ஒட்டினாற்போல் வைத்துப் பார்த்தான். பெண் பார்க்க வந்தவர்கள் போல இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன, ஒன்றோடொன்று பேசவில்லை.

கறுப்புத் திரையைத் திறந்து கட்டளைகள் அடித்தான். வெள்ளை எழுத்து சரசரவென்று ஓடியது. கலியாணத்துக்கு வந்த சொந்தக்காரர்கள் பின்னால் கூடி நின்று வாய் பிளந்தார்கள். வைஃபைக் கருவி உள்ளே இருக்கிறது, ஆனால் அடைபட்டிருக்கிறது என்று திரை சொன்னது. யார் அடைத்தது என்று சொல்லவில்லை.

"வருதா மகன்?" ஜுனைதா அடுப்படியிலிருந்து கேட்டாள்.

"டிரைவர் இல்ல உம்மா. அதான் பிரச்சினை."

"டிரைவர் இல்லாமயா நேத்து வரைக்கும் ஓடின?"

சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். முபாரிஸ் சிரிக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தான்.

கையில் இருந்தது ஒரு பட்டன் நொக்கியா. அதில் பேஸ்புக் பார்க்கலாம், எறும்பு எழுத்தில் கூகிளும் தேடலாம்; ஸ்கைப் முகம் பார்க்க முடியாது. ஆங்கிலத்தில் தேடினான். உலகம் முழுவதும் ஆயிரக்கணக்கானவர்கள் இதே வியாதியால் வருந்தியிருந்தார்கள். ஆளுக்கொரு மருந்து. எல்லா மருந்தின் முதல் வரியும் ஒன்றுதான்: முதலில் வயரைச் செருகி இன்டர்நெட்டைத் தொடுங்கள். வயர் ஓட்டை துருவேறி வருசமாகிவிட்டது. இன்டர்நெட் வர இன்டர்நெட் வேண்டும் என்றார்கள். காசு வரக் காசு வேண்டும் என்று முபாரிஸ் இதுவரை ஏழைகளைப் பற்றி மட்டும் கேள்விப்பட்டிருந்த நியாயம் அது.

மத்தியானம் லுஹர் தொழுதுவிட்டு வந்த இஸ்ஸதீன் பெரியவாப்பா எட்டிப் பார்த்தார். "என்ன இஞ்சினியர்?"

"பார்த்துக்கொண்டிருக்கன் பெரியவாப்பா."

"பார்க்கிறது தெரியிது. வருதாண்டு கேட்டன்."

அறைக்குள் அலங்காரம் முடிந்து உட்கார்ந்திருந்த ஸஹ்னா, கதவிடுக்கால் அண்ணனைக் கூப்பிட்டாள். "நானா, வாப்பா பார்க்காம நான் ஓமெண்டு சொல்ல மாட்டன். பெரியவாப்பாட்ட சொல்லிட்டன்."

"ஏன்டி விளையாடுற? மாப்புள்ள வீட்டார் என்ன நினைப்பாங்க?"

"அத விண்டோஸக் கழட்ட முந்தி யோசிச்சிருக்கணும்."

அவள் கண்ணில் மை எழுதியிருந்தது. அது கலையாமல் இருக்க மேலே பார்த்துக்கொண்டே பேசினாள். முபாரிஸ் கதவை மெல்லச் சாத்தினான்.

ஆங்கிலம் கைவிட்டதால் தமிழில் தேடினான். குழுவில் எல்லாரும் ஆங்கில எழுத்தில்தான் தமிழ் அடிப்பார்கள். அவனும் அப்படியே, லினக்ஸ் போட்ட பிறகு வைஃபை காட்டுதில்லை என்று அடித்தான். முழு இன்டர்நெட்டிலும் ஒரேயொரு முடிவு வந்தது. ஆறு மாதத்துக்கு முந்தியது. அவனுடைய குழுவில் வந்த கேள்வி.

கேட்டவள் பெயர் சுலக்சனா; ஊர், பாலாவிக்குத் தெற்கே இறால் பண்ணைகள் நிறைந்த முந்தல்.

"வணக்கம் அண்ணா. நான் முந்தல். நேற்றுத்தான் லினக்ஸ் போட்டனான். வைஃபை காட்டுதில்லை. வயர் குத்துற ஓட்டையும் பழுது. நாளைக்கு அசைன்மென்ற் அனுப்பாட்டி ஃபெயில் ஆக்கிப் போடுவினம். அவசரம்!!! பிளீஸ், ஆராவது உதவி செய்யுங்கோ."

அதற்குக் கீழே முதல் பதில்:

"முந்தலில் வைஃபை வராது. இறால்தான் வரும். பண்ணையில் கேட்டுப் பாருங்கள். நிர்வாகி, முபாரிஸ்."

நூற்றுச் சொச்சம் லைக். அதற்குக் கீழே ஒருவன் இறால் படம் போட்டிருந்தான். இன்னொருவன் தலையில்லாத இறால் படம் போட்டு 'வைஃபை இல்லாத இறால்' என்று எழுதியிருந்தான். அதற்கு முபாரிஸ் சிரிப்பு முகம் வைத்திருந்தான். அன்றிலிருந்து குழுவில் அவள் பெயர் இறால் அக்கா. அவள் யாருக்கும் ஒன்றும் எழுதவில்லை. மூன்று நாள் கழித்து ஒரே ஒரு வரி: "சரி, வந்திட்டுது."

எப்படி வந்தது என்று இல்லை. யாரும் கேட்கவுமில்லை.

முபாரிஸ் அந்தச் சின்னத் திரையைக் கீழே உருட்டினான், மேலே உருட்டினான். உலகத்தில் தமிழில் இந்தக் கேள்விக்கு இருந்த ஒரே பதில் அவனுடைய பதில்தான். அதில் இறால் மட்டுமே இருந்தது. அன்று அந்த வரியை எழுதிவிட்டுக் கன்டீனில் நாலு பேருக்குப் படித்துக் காட்டியதும், நாலு பேரும் மேசையில் தட்டிச் சிரித்ததும் நினைவு வந்தது. அவளுடைய அசைன்மென்ட் என்னவாயிற்று என்று அப்போது ஒரு நிமிசமும் யோசிக்கவில்லை. இப்போது யோசித்தான்.

சுலக்சனாவுக்குத் தனியாக ஒரு தகவல் அனுப்பினான். தெரியாத ஆட்கள் அனுப்புவது யாரும் திறந்து பார்க்காத ஒரு மூலையில் போய் விழும் என்பது நிர்வாகிக்குத் தெரியும். விழுந்தது. அங்கேயே கிடந்தது.

போன் அடித்தது. வாப்பா.

"மகன், நான் வந்துட்டன். கம்பியூட்டருக்கு முன்னுக்குத்தான் இரிக்கன். நீலச் சேட் போட்டிருக்கன். தெரியுதா?"

"இன்னும் இல்ல வாப்பா. கொஞ்சம் பொறுங்க."

"சரி சரி, அவசரமில்ல. நான் அசையாம இரிக்கன்."

தோகாவில் ஒரு மனிதர், ஒன்றும் வராத திரைக்கு முன்னால், தான் அசைந்தால் பழுதாகிவிடும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவர் கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

குழுவில் கேட்பது என்று முடிவு செய்தான். ஆனால் மானமும் கூடவே வந்தது. "எனது நண்பர் ஒருவருக்குச் சிறு சிக்கல்," என்று தொடங்கி, விதிகளுக்கு உட்பட்டு, அவசரம் என்ற சொல் இல்லாமல், வீட்டுக் கதை இல்லாமல், சுத்தமாக எழுதிப் போட்டான்.

இரண்டு பதில்கள் உடனே வந்தன.

"நண்பரை மெனுவலை வாசிக்கச் சொல்லுங்கள் நிர்வாகி."

"நண்பர் எந்த ஊர்? பாலாவியா? பாலாவியில் வைஃபை வராது. உப்புத்தான் வரும்."

இரண்டாவதுக்கு லைக் ஏறத் தொடங்கியது. எழுதியவன் கன்டீனில் மேசை தட்டிச் சிரித்த நாலு பேரில் ஒருவன். பகிடி நல்ல பகிடிதான். முபாரிசுக்கே தெரிந்தது, அச்சு அவனுடையது.

அஸர் பாங்கு சொல்லிற்று. கற்பிட்டி வேன்கள் ஒழுங்கைக்குள் திரும்புகிற சத்தம் கேட்டது. பெரியவாப்பா வாசலுக்கு ஓடினார். ஜுனைதா மட்டும் அவன் பக்கத்தில் வந்து நின்றாள். முந்தானையால் லப்டொப்பின் மேல் இல்லாத தூசியைத் துடைத்துவிட்டுப் போனாள்.

முபாரிஸ் பின்பக்கம் போனான். பிரியாணிச் சட்டிக்குப் பக்கத்தில், விறகுக் குவியலில் உட்கார்ந்தான். சுலக்சனாவின் பழைய கேள்வியைத் திறந்தான். அவளுடைய பெயரைச் சேர்த்து, தன்னுடைய இறாலுக்குக் கீழே, ஆயிரத்துச் சொச்சம் பேர் பார்க்க எழுதினான்.

"சுலக்சனா அக்கா, நண்பருக்கு இல்லை, எனக்குத்தான். இதே பிரச்சினை. இன்றைக்கு என் தங்கச்சியின் நிக்காஹ். வாப்பா கட்டாரில். ஸ்கைப்பில் ஒருக்கா பிள்ளையின் முகத்தைப் பார்க்கக் காத்துக்கொண்டிருக்கிறார். இன்னும் கொஞ்ச நேரத்தில் அவருடைய பஸ் போய்விடும். உங்களுக்கு எப்படி வந்தது? அவசரம். பிளீஸ்."

அனுப்பினான். விறகுப் புகை கண்ணில் அடித்தது. எழும்பி விலகி உட்காரத் தோன்றவில்லை.

கீழே ஒருவன் உப்புப் பக்கெட் படம் போட்டான். இன்னொருவன் விதி இலக்கம் போட்டு எத்தனை விதி மீறப்பட்டிருக்கிறது என்று எண்ணிக் காட்டினான். அதற்குக் கீழே சுலக்சனா வந்தாள். முபாரிஸ் இறாலுக்குத் தயாரானான். எந்தச் சொல்லில் வரும், எந்தப் படத்தில் வரும் என்று பார்த்திருந்தான்.

"லப்டொப் ஓரத்தில பிளாஸ்டர் ஒட்டியிருக்கோ? உப்புக் காத்துக்கு?"

அவ்வளவுதான் இருந்தது. ஆயிரக்கணக்கான ஆங்கிலப் பக்கங்களில் ஒருவரும் கேட்காத கேள்வி.

"ஓம். உம்மா ஒட்டினது. காலையில் நான் உரித்தேன்."

"எங்கட அப்பாவும் ஒட்டினவர். இழுத்து உரிச்சிருப்பீங்கள். அதோட சுவிட்சும் இழுபட்டிருக்கும். வைஃபைக்கு வெளியால ஒரு சின்னச் சுவிட்ச் இருக்கு. எங்கடதில வலப்பக்கம், கீழ் விளிம்பில. நெல்லுமணி அளவு. நகத்தால முன்னுக்குத் தள்ளுங்கோ."

முபாரிஸ் ஓடினான். கறுப்பு டேப்பைப் பிய்த்தான். பழைய பிளாஸ்டரின் பசைக்குள், காலையில் வெட்கத்தில் பார்க்காமல் மூடிய இடத்தில், சுவிட்ச் இருந்தது. பின்னுக்கு இழுபட்டுப் போய் இருந்தது. நகத்தால் தள்ளினான். டிக் என்றது. நீல வெளிச்சம் ஒன்று பற்றியது. லினக்ஸில் குறையில்லை, டிரைவரிலும் குறையில்லை. காலையிலிருந்து குறையாக இருந்தது ஒன்றே ஒன்றுதான். அது சேட் கசங்கி, புகை மணத்தோடு லப்டொப்புக்கு முன்னால் நின்றது.

மூலையில் சாம்பல் அடையாளம் வெள்ளையாகியது. 'இஸ்ஸதீன் ஹவுஸ்' என்று எழுத்து வந்தது.

லப்டொப்பை அறைக்குள் கொண்டுபோய், ஸஹ்னாவுக்கு முன்னால் கதிரையில் வைத்தான். ஸ்கைப் மணி இரண்டு தரம் அடித்தது. நூஹு தெரிந்தார். நீலச் சேட். உண்மையிலேயே அசையாமல் இருந்தார். படம் உறைந்துவிட்டதோ என்று முபாரிஸ் பயந்துபோனான். பிறகு அவருடைய வாய் நடுங்கியது.

"வாப்பா," என்றாள் ஸஹ்னா. மையைப் பற்றி அதற்குப் பிறகு அவள் கவலைப்படவில்லை.

"மாஷா அல்லாஹ். கொஞ்சம் மெலிஞ்சிட்ட மகள். நிமிந்து இரி. உம்மா எங்க? அவளையும் இதுக்குள்ள வரச் சொல்லு."

ஜுனைதா அகப்பையோடு ஓடி வந்தாள். வாசலில் நின்று அன்ஸாரும் எட்டிப் பார்த்தார். "லினக்ஸா தம்பி? நல்ல கிளியரா இரிக்கே!" என்றார், உண்மையான வியப்போடு. வெங்காயச் சாக்குப் பேச்சை அவர் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் முபாரிஸ் அவருக்கு நன்றி சொல்லியிருப்பான்.

"மகன் எங்க? என்ட இஞ்சினியர் எங்க?" என்று நூஹு கேட்டார். "அவன் இல்லாட்டி நான் இன்டைக்கு எப்பிடிப் பார்க்கிற?"

முபாரிஸ் திரைக்குப் பின்னால் லப்டொப் மூடியைப் பிடித்துக்கொண்டு நின்றான். "இங்கதான் வாப்பா," என்றான். முன்னால் வரவில்லை.

கதவுக்கு வெளியே பெரியவாப்பா தொண்டையைச் செருமினார். "என்ன மகள், தொடங்கவா?"

"ஓம் பெரியவாப்பா," என்றாள் ஸஹ்னா, திரையைப் பார்த்தபடி.

நிக்காஹ் முடிந்து, நூஹு பஸ்ஸுக்கு ஓடி, பந்தலில் பலர் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடும் சஹன் தட்டுகள் இறங்கத் தொடங்கியபோது, முபாரிஸ் மறுபடியும் விறகுக் குவியலில் உட்கார்ந்திருந்தான். தன்னுடைய இறால் வரியை அழிக்கலாம் என்று விரல் போயிற்று. அழித்தால் யாருக்கு நல்லது என்று யோசித்தான். விட்டுவிட்டான். கீழே எழுதத் தொடங்கினான்.

"வந்திட்டுது. நன்றி அக்கா. அந்த அசைன்மென்டுக்கு என்ன நடந்தது என்று நான் அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை."

அதை அனுப்பிவிட்டு இன்னும் கொஞ்சம் எழுதினான். பட்டன் போன், ஒரு எழுத்துக்கு மூன்று அமுக்கு.

"சஹன் வெச்சாச்சு, எங்கட சஹன்ல ஒராள் குறையிது!" என்று பெரியவாப்பா கூப்பிட்டார்.

"நீங்க தொடங்குங்க பெரியவாப்பா, வாறன்," என்றான் முபாரிஸ், தலை நிமிராமல்.

"இனி இந்தப் பிரச்சினை வாறவர்களுக்கு," என்று அடித்தான். "பயப்பட வேண்டாம். முதலில் லப்டொப்பின் வலப்பக்கம் பாருங்கோ. பிளாஸ்டர் ஒட்டியிருந்தால் இழுக்காமல், மெதுவாக, ஒரு ஓரத்திலிருந்து எடுங்கோ. பிறகு..."